ஒற்றைச் சாக்ஸுடன் ஒரு முறையீடு

மனித நாகரிகத்தின் உச்சம் எதுவென்று கேட்டால், தன் நோயைச் சொல்லி டாக்டரைத் தொந்தரவு செய்யாத நோயாளிதான் என்று அடித்துச் சொல்வேன். அப்படிப்பட்டவர்கள் அரிது. அடியேன் அவர்களில் ஒருவன்.

லிஃப்ட் கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் உத்தியோகம். 'லிஃப்ட் நன்றாகவே இயங்குகிறது. தாங்கள்தான் உள்ளே அவசரப்பட்டிருக்கிறீர்கள்' என்று, மாட்டிக்கொண்டவர்களுக்கு மரியாதையாக எழுதி எழுதி, புகார் சொல்கிறவன் என்றாலே எனக்கு ஓர் இளக்காரம். ஆகவே எனக்கு மனச்சோர்வு வந்தபோது அதையும் ஒழுங்குமுறையாகவே நடத்தினேன்.

மாத்திரையைத் தவறாமல் விழுங்கினேன். சாப்பாடு சாக்பீஸ்போலவே இருந்தது. காலையில் ஒரு காலுக்குச் சாக்ஸ் போட்டுவிட்டு, மறுகாலைப் பார்த்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பேன். மனைவியின் கேலிகள் அடுத்த வீட்டுத் தபால்போல என்னைத் தாண்டிப் போயின. ஆனால் டாக்டரைப் பார்க்கும் நாளில் மட்டும் குளித்து, சட்டை தேய்த்து, வகிடெடுத்து, சென்ட் அடித்துக்கொண்டு போவேன்.

"எப்படி இருக்கீங்க?" என்பார் டாக்டர்.

"நல்லா இருக்கேன் டாக்டர். நீங்க?"

"பிரமாதம். நம்ம மாத்திரை யாரையும் கைவிட்டதில்ல. அதையே தொடருங்க."

அப்போது அவர் முகம் மலரும் பாருங்கள். அதைக் கெடுக்க எந்த 'மனிதாபிமானி'க்கு மனம் வரும்?

என் மனைவிக்கு வந்தது.

"ஏங்க, வீட்ல ஒத்த சாக்ஸோட சிலையா உக்காந்திருக்கீங்க. அங்க போனா மட்டும் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போன மாதிரி பளபளன்னு ஆயிடறீங்க. அவருக்கு எப்படித் தெரியும்? இன்னிக்குக் குளியலும் கிடையாது, சென்ட்டும் கிடையாது. இருக்கிற கோலத்துலயே கிளம்புங்க."

"டாக்டர் மனசு கஷ்டப்படுமேம்மா."

"மாத்திரை உங்க மனசுக்கா, அவர் மனசுக்கா?"

கசங்கிய சட்டை, ஒற்றைச் சாக்ஸ், செருப்பு. இந்தக் கோலத்தில் அறைக்குள் நுழைந்தோம். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா..." என்றேன். மேசைக்கடியில் மனைவி என் வெறுங்காலை மிதித்தாள். "...இல்ல டாக்டர்."

தட்டச்சு நின்றது. எனக்கு உத்தியோகத் தமிழ்தான் கைகொடுத்தது. "மேற்படி மாத்திரையைத் தொடர்ந்து உட்கொண்டும் யாதொரு பலனும் இல்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன்..."

"மாத்திரை நல்லாத்தான் வேலை செய்யுது. நீங்கதான் அவசரப்படறீங்க. நல்லதையே நினைங்க."

எங்கேயோ கேட்ட நடை. ஒரு கணம், நடுவழியில் நின்ற லிஃப்ட்டுக்குள் நானே இருந்தேன்.

"நல்லதை நினைக்க முடியலன்னுதானே சார் இங்க வந்தோம்?" என்றாள் மனைவி. "அவரைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

டாக்டர் பார்த்தார். தலை, சட்டை, கடைசியாகக் கால்.

"இன்னொரு சாக்ஸ் எங்க?"

"அதைப் போடறதுக்குள்ள போதும்னு ஆயிடுது டாக்டர். தினமும் இப்படித்தான்."

பிறகு டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க டாக்டர்."

அவர் முகம் வாடியது. ஆனால் முதல் முறையாகக் கேள்விகள் கேட்டார்: தூக்கம், பசி, வேலை, வாழ்வதே பாரமாகத் தோன்றுகிறதா என்பதுவரை. "இதைத் திடீர்னு நிறுத்தாதீங்க. கொஞ்சங்கொஞ்சமா குறைச்சு வேற மருந்துக்கு மாறுவோம். அதுவும் சரிப்படலன்னா வந்து சொல்லுங்க. இதே சட்டையில வாங்க."

படியிறங்கும்போது மனைவி சொன்னாள், "அந்த இன்னொரு சாக்ஸ என்னிக்குப் போடறீங்களோ, அன்னிக்கு லீவு போட்டுக் கொண்டாடுவோம்." எனக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. புது மருந்தை இன்னும் வாங்கக்கூட இல்லை.

இருந்தாலும் பழைய மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன். அது மகத்தான மாத்திரை. நான் அதை விழுங்கிய காலம் முழுவதும் ஒருவர் கவலையின்றி, முகமலர்ச்சியுடன், தன்னம்பிக்கை பொங்க வாழ்ந்தார்.

என்ன, அவர் என் டாக்டர்.