தகரவாயனுக்குப் பெரிய பாதி

"அப்பா, கண்ணைத் திறந்து பாருங்க!"

"திறந்துதான்மா இருக்கேன்."

"இறுக்கி மூடியிருக்கீங்க. புருவம்கூட நடுங்குது."

தீயணைப்பு நிலைய அதிகாரி ஒரு கண்ணை மட்டும் கொஞ்சமாகத் திறந்தார். தொலைக்காட்சியில், வாய் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த தகர மூடியோடு, கிணற்றுக்குள்ளிருந்து அது ஏறி வந்துகொண்டிருந்தது. மறுபடி மூடிக்கொண்டார்.

எரிகிற கிடங்குக்குள் முதல் ஆளாக நுழைகிறவர். பதக்கம் வாங்கியவர். ஆனால் கார்ட்டூனில் வரும் இந்தத் தகரவாயன் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். கட்டிய மனைவிக்குக்கூட இது தெரியாது. தெரியாததால்தான் அவள் வேலைக்குக் கிளம்பும்போது, "ஏங்க, உங்க சின்ன வயசு கார்ட்டூன் மொத்தமும் இணையத்துல கிடைக்குது, போட்டு விட்டிருக்கேன். பொண்ணுக்கு லேசா காய்ச்சல். ரெண்டு பேரும் உக்காந்து ஜாலியா பாருங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

ஜாலி!

உருவத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குரலைத்தான் தாங்க முடியாது. ஓட்டை டிரம்முக்குள்ளிருந்து வருகிற மாதிரி கரகரவென்று, அந்த வயதில் வாராவாரம் ஒரே கட்டளை: "திங்கிறதுல பெரிய பாதியை டிவிக்குப் பின்னாடி வை. யார்கிட்டயாவது சொன்னே, கிணத்துக்குள்ள தூக்கிட்டுப் போயிடுவேன்."

அவர் வைத்தார். மறுநாள் காலையில் தட்டு காலியாக இருந்தது. மற்ற குழந்தைகளின் பூதங்கள் மிரட்டுவதோடு சரி. அவருடையது சாப்பிட்டது.

அன்றிலிருந்து எதைத் தின்றாலும் பெரிய பாதியைப் பிட்டு அடுத்தவருக்கு ஒதுக்குவது கைப்பழக்கமாகிவிட்டது. நிலையத்தில் அவருக்குப் 'பாதி சார்' என்றே பட்டம். "இவ்வளவு நல்ல மனசு யாருக்குங்க வரும்?" என்று நெகிழ்ந்துதான் மனைவியே கல்யாணத்துக்குச் சம்மதித்தாள்.

அந்தக் குரல் வருவதற்குள் ரிமோட்டை எடுத்து ஒலியை அணைத்தார்.

அது இன்னும் மோசம். சத்தம் இல்லாமல் பார்க்கும்போதுதான் அச்சு அசலாக அந்தக் காலத்துப் படமாகவே தெரிந்தது.

"அப்பா, சத்தம் வைங்க."

"சத்தம் ரிப்பேர்மா."

"இப்பதானே நல்லா இருந்துச்சு?"

"இரு, நானே பேசிக் காட்டறேன்."

குயில் மாதிரி பேசத்தான் வாயைத் திறந்தார். வந்தது வெறும் காற்று. மகள் ரிமோட்டைப் பிடுங்கி முழுச் சத்தமாக வைத்தாள். அவர் தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டார்.

"குட்டிப் பசங்களா, எல்லாரும் கை கழுவிட்டீங்களா?" என்றது ஒரு கீச்சுக்குரல்.

தலையணையை விலக்கினார். பேசியது தகரவாயன்! குழந்தைகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தது, வழுக்கி விழுந்தது, தானே சிரித்துக்கொண்டது. அடுத்த பகுதியைப் போட்டார். அதிலும் கீச்சுக்குரல். அதற்கடுத்ததில் பூனைக்குட்டிக்கு மருந்து போட்டது. பாதியும் கேட்கவில்லை, யாரையும் தூக்கிக்கொண்டும் போகவில்லை.

முதலில் அப்பாடா என்றிருந்தது. பிறகு ஒரு யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

அந்தக் குரல் கார்ட்டூனில் இல்லையென்றால், வீட்டுக்குள் பேசியது யார்? தட்டைக் காலி செய்தது யார்?

வியர்த்துப்போய் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, சிரிக்காதே. நம்ம பழைய வீட்டுல வேற யாராவது இருந்தாங்களா?"

"வேற யாருடா? அம்மா, அப்பா, நீ, நான்."

"ஆளைக் கேக்கலை. ஆளில்லாத ஏதாவது..."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வாழ்நாளில் முதன்முறையாக ஒருவரிடம். மறுமுனையில் மூச்சுத் திணறுவது கேட்டது. அக்காவும் பயந்துவிட்டாள் போலிருக்கிறது. 

"ஏன்க்கா மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்லடா, மாடிப்படி ஏறறேன். நீ... இன்னுமா பாதி வைக்கறே?"

"வைக்காம இருக்க முடியலக்கா."

"ஐயோ பாவம். போய்த் தண்ணியைக் குடி. போனைக் குழந்தைகிட்ட குடு, காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேக்கறேன்."

மகளிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். குடித்த தண்ணீரில் பாதி சட்டைக்குப் போனது. யாரிடமும் சொல்லாதே என்றல்லவா அது சொல்லியிருந்தது? சொல்லியாயிற்று.

கூடத்துக்குத் திரும்பினார். தொலைக்காட்சி அணைந்து கிடந்தது. சோபாவில் மகளைக் காணோம். உள்ளறையில் படுத்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மேஜைமேல் இருந்த கேக் துண்டை எடுத்தார். கை தானாகவே பிட்டது. சின்னப் பாதி, பெரிய பாதி.

"சொல்லிட்டே இல்ல?"

ஓட்டை டிரம்முக்குள்ளிருந்து வருகிற மாதிரி. கரகரவென்று. டிவிக்குப் பின்னாலிருந்து.

பதக்கம் வாங்கியவர் சோபாவின் மேல் ஏறி நின்றார்.

"அப்போ முழுசையும் வை."

வைத்தார். தரையில் கால் படாமல், கண்ணை மூடிக்கொண்டு, முடிந்தவரை எட்டி டிவி மேஜையின் ஓரத்தில் வைத்தார்.

பின்னாலிருந்த திரைச்சீலை அசைந்தது. வாய் நிறையக் கேக்கும் காதில் போனுமாக மகள் வெளியே வந்தாள்.

"அத்தை, நிஜம்தான்! அந்தக் காலத்துல சத்தம் வராத உங்க பழைய டிவிக்குப் பின்னாடி உக்காந்து நீங்க பேசின அதே குரல்ல கேட்டேன், அப்பா முழுசையும் வெச்சிட்டாரு!"