தொட்டி மூடியில் உட்கார்ந்த வகுறு டாக்டர்

திருப்பூரில் பனியனே போடாத மனிதரைக்கூடக் காட்டிவிடலாம். வகுறு டாக்டரிடம் தன் வயிற்று நிலவரத்தை மறைக்க முடிந்த ஒருவரைக் காட்ட முடியாது. வகுறு என்றால் எங்கள் பக்கம் வயிறு. அவர் பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை. நான் சூப்பர்வைசராக இருந்த சாயப்பட்டறையில் கழிவுநீர் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொண்டவர். சும்மா இருக்கும் நேரமெல்லாம் போனில் குடலைப் பற்றிப் படிப்பார். படித்ததை யாரும் கேட்காமலேயே சொல்வார்.

சொல்வதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லையே! எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் பட்டறைக்கு வந்து நின்ற நேரத்தில் பட்டாசுச் சத்தத்தோடு வாயு விட்டார். பையர் நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று.

"வெக்கங்கெட்ட மனுசனா இருக்கறீங்களே!" என்று அப்புறம் பிடித்துத் திட்டினேன்.

"இதுல என்னங்க வெக்கம்? குடல்ல இருக்கற கிருமி, அழுகின முட்டையாட்டம் நாறுற விஷ வாயுவ உண்டாக்குதுங்க. நாம செத்தா போயிட்டோம்? குடலோட உள்தோலு அத அப்பப்ப எரிச்சு, தனக்குச் சோறாக்கிக்குதுங்க சார். அதுக்கு ஒரு கும்புடு போடுங்க!"

நான் போடவில்லை. கிறுக்கு என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு நாள் கழிவுநீர்த் தொட்டிக்குள் பம்ப் அடைத்துக்கொண்டது. மெஷின்கள் நின்றன. மறுநாள் கண்டெய்னர் போயாக வேண்டும். மூடியைத் திறந்தபோது குடலைப் பிடுங்கும் நாற்றம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றதும் ஒன்றும் தெரியவில்லை.

"நாத்தம் போயிருச்சு. எறங்கு முன்னா" என்றேன், பீகார்க்கார ஃபிட்டரிடம்.

"அஞ்சு நிமிஷம் அண்ணா, ஆயிரும்" என்று அவன் மூக்கில் துண்டைக் கட்டினான்.

எங்கிருந்தோ ஓடி வந்த டாக்டர் மூடியை இழுத்துப் போட்டு, அதன் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க!"

"மாட்டனுங்க. நாத்தம் போகலீங்க, உங்க மூக்குதான் போயிருச்சு. அந்த அழுகின முட்டை வாயு அளவு மீறுனா மொதல்ல மூக்கத்தான் மரத்துப்போக வெக்கும், அப்புறம் ஆளையே சாய்ச்சுருமுங்க."

முதலாளி வந்தார். "நீங்களும் அதே வாயுவத்தான நாளெல்லாம் விடறீங்க? செத்தா போயிட்டீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "குடல்ல இருக்கறது துளியூண்டுங்க, எரிக்கத் தோலு இருக்குது. இந்தத் தொட்டிக்கு உள்தோலு ஏதுங்க? இந்தப் பையன் நொரையீரலுக்கு அந்த வித்தை தெரியுமுங்களா?"

"எந்திரிக்கலீன்னா நாளைக்கு வேலைக்கு வராதீங்க!"

"வரலீங்க. இன்னைக்கு எந்திரிக்க மாட்டனுங்க."

உச்சி வெயிலில் அங்கேயே தூக்குப்போசியைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டார். ஏப்பம் வேறு விட்டார். அவரே போன் போட்டு வரவழைத்த கழிவு உறிஞ்சும் லாரி மூன்று மணி நேரம் கழித்து வந்தபிறகுதான் எழுந்தார்.

லாரிக்காரர் வாயு பார்க்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஒரு கை ஆழம்கூடப் போயிருக்காது, அது அலறத் தொடங்கியது. "யாராச்சும் எறங்குனீங்களா?" என்று அவர் கத்திய கத்தலில் முதலாளி பத்தடி பின்னால் போனார். முன்னா துண்டை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

தொட்டியை உறிஞ்சி, காற்றடித்து, பம்ப்பைச் சரிசெய்து முடிக்க மறுநாள் ஆகிவிட்டது. கண்டெய்னர் தாமதமாகப் போனது. உலகம் ஒன்றும் அழியவில்லை. வேலையை விட்டு நிறுத்தும் பேச்சை முதலாளி மறுபடி எடுக்கவே இல்லை.

முன்னாவை இறங்கச் சொன்னவன் நான். டாக்டர் எழுந்திருந்தால், அவன் அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டியவனும் நானேதான். அந்தக் கிறுக்கு மனுஷன் அன்று ஒருவனை மட்டுமா காப்பாற்றினார்?