பெர்லும் பைத்தானும் வழிவிட்ட கதை

கணினிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் உலகில் ஆயிரம் பேர் உண்டு. மரியாதை சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள் மட்டும்தான். 1998-இல், கோயமுத்தூரில், எங்கள் நூல் மில்லில் அந்தச் சாதனை நிகழ்ந்தது. ‘கணினி மொழித் தேர்வு உயர்மட்டக் குழு’வின் செயலாளராக நான் இருந்தேன். அடக்கம் கருதி இதற்குமேல் என்னைப் பற்றிச் சொல்லவில்லை.

எங்களுக்குப் பீளமேட்டில் ஒரு மில், காரமடையில் ஒரு மில். இரண்டிலும் ராத்திரி ஷிஃப்டில் எவ்வளவு நூல் ஓடியது என்பது, முதலாளி சென்னகிருஷ்ணன் காபி குடிக்கும்போது ஒரே தாளில் மேஜை மேல் இருக்க வேண்டும். அதற்காகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் கெசியா ஞாயிறு, பண்டிகை பாராமல் காலை ஆறு மணிக்கு வந்து, இரண்டு மில்லின் விவரத்தையும் போன் லைனில் வரவழைத்து, அச்செடுத்து வைப்பாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஒரு வாரம் லீவு கேட்டாள்.

“லீவுல போயிட்டா ரிப்போர்ட்ட யாரு எடுக்கறது அம்மணி?” என்றேன்.

“தானா ஓடற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிப்போட்டா போதுமுங்க சார்.”

இதைவிட நியாயமான கோரிக்கை உண்டா? உடனே கமிட்டி போட்டோம்.

கமிட்டியில் முதலாளியின் இரு மாப்பிள்ளைகள். அமெரிக்காவிலிருந்து வந்த மூத்தவர் வெங்கடபதி, பெர்ல் என்ற கணினி மொழியின் பக்தர். பெங்களூரிலிருந்து வந்த இளையவர் ரங்கராஜுக்குப் பைத்தான் என்ற மொழிதான் தெய்வம். முதல் கூட்டத்தில் காபியும் போண்டாவும் வந்தன. யார் முதலில் பேசுவது என்பதே அன்றைய விவாதமாக அமைந்தது.

“நீங்க சொல்லுங்கண்ணா.”

“இல்லீங்க தம்பி, நீங்க சொல்லுங்க.”

போண்டா தீர்ந்தது. கூட்டம் இனிதே முடிந்தது.

அடுத்த கூட்டத்தில் ஒருவழியாக வாய் திறந்தார்கள்.

“பெர்ல்ல ஒரே வரில முடிச்சுப்போடலாமுங்க தம்பி. ஒரு வேலைய எத்தனையோ விதமாச் செய்யலாம்.”

“செய்யலாமுங்கண்ணா. டாலர் குறி, சதவீதக் குறின்னு எழுதினத அடுத்த வாரம் நம்மாலயே படிக்க முடியோணுமில்லீங்க?”

“பைத்தான்ல வரி கொஞ்சம் உள்ள தள்ளிப்போனா புரோகிராமே ஓடாதாமுங்களே?”

“ஒழுங்கா எழுதறவிங்களுக்கு அது எதுக்குங்கண்ணா தள்ளிப்போகுது?”

எவ்வளவு பணிவான அடிதடி! நான் குறிப்பெடுக்கையில் எனக்கே கண் கலங்கியது. ஒன்றைத் தேர்ந்தால் இன்னொரு மாப்பிள்ளையை அவமதித்ததாகும். முதலாளி வீட்டில் இரண்டு மகள்களும் ஒரே குரலில் அழக்கூடியவர்கள். எனவே குழு ஒருமனதாக முடிவெடுத்தது: பீளமேட்டுக்குப் பெர்ல், காரமடைக்குப் பைத்தான், இரண்டும் ஒரே தாளில்.

இப்போதுதான் உண்மையான சிக்கல் வந்தது. தாளில் யாருடைய கணக்கு மேலே வருவது?

“அண்ணனோடது மொதல்ல வரட்டுமுங்க.”

“சேச்சே, தம்பியோடதுதான் மொதல்ல.”

அன்றைக்கும் முடிவாகவில்லை. ஆனால் வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறது பாருங்கள்! இருவரும் தனித்தனியே வீட்டுக்குப் போய், ஒருவருக்கொருவர் சொல்லாமலே, தங்கள் புரோகிராமில் ஒரே நிபந்தனையைச் சேர்த்துவிட்டார்கள்: ‘மற்றவருடையது ஓடி முடியும்வரை காத்திரு.’

கெசியாவின் கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு இரண்டு புரோகிராம்களும் எழுந்தன. தம்பி முடிக்கட்டும் என்று பெர்ல் நின்றது. அண்ணன் முடிக்கட்டும் என்று பைத்தான் நின்றது. மணி ஒன்பதாயிற்று. முதலாளி மூன்றாவது காபியை வெறும் மேஜை முன்னால் குடித்தார். என்னை ஜீப்பில் ஏற்றி சர்ச்சுக்கு அனுப்பினார்கள்.

நான் உள்ளே நுழைந்த நேரம், போதகர் ஞானாபரணம் சபையைப் பார்த்து, “இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்பவர் யாராவது உண்டா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கிவிட்டேன்.

சர்ச்சே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை ஷெர்வினின் முகம் வெளுத்துவிட்டது.

“தப்பா நெனைக்காதீங்க. ரிப்போர்ட் வரலீங்க. கெசியா, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு வழிவிட்டு நிக்குது அம்மணி!”

கெசியா முக்காட்டை விலக்கினாள். “எதையாச்சும் ஒண்ண நிறுத்திப்போடுங்க சார். இன்னொண்ணு ஓடிரும்.”

“எதைம்மா நிறுத்தறது? ரெண்டும் மாப்பிள்ளைங்களோடதாச்சே!”

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். “ஐயா, இது தடையா, தடை இல்லையா?”

“கமிட்டியக் கேட்டுத்தாங்க சொல்லோணும்.”

“ஏனுங்க,” என்றார் ஷெர்வின், “அதுங்க முடிஞ்சாத்தான் எங்க கல்யாணம் முடியோணுமுங்களா?”

சபையே சிரித்தது. கெசியா சிரிக்கவில்லை.

“ரெண்டு புரோகிராமுக்கு இத்தன மரியாதை சொல்லிக்குடுத்தீங்களே சார், எனக்குன்னு துளி மிச்சம் வெக்கலீங்களா?”

நான் உட்கார்ந்தேன். கல்யாணம் நடந்தது. சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. மட்டன் பிரியாணி.

மறுநாள் குழு அவசரமாகக் கூடி ஆராய்ந்து கண்டறிந்தது: ‘பெர்ல் குற்றமற்றது. பைத்தான் குற்றமற்றது. சம்பந்தப்பட்ட ஊழியர் விடுப்பில் சென்றதே கோளாறுக்குக் காரணம்.’ ஒரு புரோகிராமை நிறுத்தவும் தீர்மானம் தயாரானது. அதில் முதல் கையெழுத்தை அண்ணன் தம்பிக்கும், தம்பி அண்ணனுக்கும் விட்டுக்கொடுத்ததால் தாள் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. “அதுவரைக்கும் பழைய முறையே நடக்கட்டும்” என்றார் முதலாளி.

பழைய முறை, மறுவீட்டு விருந்தை விட்டுவிட்டு, புதுத் தாலியோடு காலை ஆறு மணிக்கு மில் வாசலில் வந்து நின்றது. அவளைப் பார்த்து ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்ல, எங்கள் மரியாதைக்காரர்களில் ஒருவர்கூட அந்நேரம் எழுந்திருக்கவில்லை.