நாடாவை உருவச் சொன்னது யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் நலத்தைத் தங்கள் பத்திரிகையே கெடுத்துவிட்டதால் அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

'கையடக்கத் தறி: புதியவர்களுக்கு' என்று நூல்பிரியை என்கிற அம்மையார் வாராவாரம் எழுதுகிறாரே, அதை நம்பிக் கெட்டவன் நான். பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுத்துக்கு எழுத்து படித்தே ஓய்வு பெற்றவன். அம்மையார் சொன்னபடி பழைய படச் சட்டத்தில் மேலும் கீழும் ஆணி அடித்தேன். ஆணிக்கு ஆணி நூலை இழுத்துக் கட்டினேன்; அதுதான் பாவாம். அடுத்த வரி, 'இனி நாடாவை எடுத்துப் பாவுக்குள் நுழைக்கவும்.' இந்த வீட்டில் எனக்குத் தெரிந்த நாடா ஒன்றுதான். அது என் பைஜாமாவில் இருந்தது. மனைவியைக் கேட்டேன். "போட்டிருக்கறபடி செய்யுங்களேன்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். உருவினேன். 'நாடா கை நழுவாமல் பார்த்துக்கொள்க' என்று எச்சரிக்கத் தெரிந்த அம்மையாருக்கு, வேறு என்ன நழுவும் என்று எழுதத் தெரியவில்லையே!

அந்த நேரம் பார்த்தா மகளின் மாமனார் வர வேண்டும்? ஒரு கையில் தறி, மறு கையில் பைஜாமா. அவர் கையை நீட்டினார். மரியாதை தெரிந்தவன், நானும் கை கொடுத்தேன். கொடுத்தது இடுப்பிலிருந்த கை. "சம்பந்தி, நான் அப்புறமா வரேன்" என்றார் கூரையைப் பார்த்தபடி. "பரவாயில்ல, உள்ள வாங்க. நெசவு கத்துக்கறார்" என்றாள் என் மனைவி. பெண் கொடுத்த இடத்தில் ஆறு வருஷமாகக் கட்டிக் காத்த மானம், ஐயா! வெட்கமாக இருக்கிறது. இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்த அம்மையார் ஜன்மத்தில் நூலைத் தொட்டிருக்க மாட்டார். அவரைக் கட்டிக்கொண்ட புண்ணியவானை நினைத்தால் பாவமாக இருக்கிறது. உடனே அவரை நீக்கி, மன்னிப்பு வெளியிடுங்கள்.

தங்கள் பத்திரிகை நீடூழி வாழ்க, அந்த ஒரு பக்கம் தவிர.

இப்படிக்கு,
நாடா இழந்த வாசகன்

பி.கு.: தபாலில் சேர்க்கச் சொல்லி இதை மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள். நூல்பிரியை அவள்தானாம். தறியில் நாடா என்றால் நூலைச் சுற்றி ஓட்டுகிற கட்டையாம். ஆகவே நீக்க வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அந்தப் புண்ணியவானைப் பற்றிய வரியையும் அடித்துவிடுங்கள். அவளுடைய அடுத்த வாரக் கட்டுரை தயார்: 'புதியவர்கள் செய்யும் தவறுகள்'. நேரில் பார்த்தவர் என்பதால் படம் வரைந்து தரச் சொல்லி சம்பந்தியைக் கேட்டிருக்கிறாள். அவரும், "எந்தப் பக்கத்துலேர்ந்து வரையணும்?" என்று கேட்டிருக்கிறார்.