தொண்டையில் விழாத கியர்

திருவண்ணாமலை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கவியாவுக்கு, அப்பா கோதண்டராமன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் ஃபிரிட்ஜும் நலம். அங்கே புனேவில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலமாயிருக்க அண்ணாமலையார் துணை. போனிலேயே சொல்லியிருப்பேன், நீ இரண்டாவது நிமிடமே "வெச்சிடட்டாப்பா" என்பாய், அதனால் கடிதம்.

பாப்பா தூங்குவதற்கு, அம்மா உனக்குப் பாடிய தாலாட்டைப் பாடி அனுப்பச் சொன்னாய் அல்லவா? உட்கார்ந்து பாடினேன். மாமன் கொண்டுவரும் சீரையெல்லாம் அடுக்கிக்கொண்டே பாட்டு மேலே ஏறுமே, அந்த இடத்தில் என் குரல் இரண்டாகப் பிளந்து, கீழ்ப்பாதி எருமையாகவும் மேல்பாதி கோழிக்குஞ்சாகவும் ஆகிவிட்டது. சரி என்று, ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்குப் பாட்டு சொல்லித்தரும் சினேகா என்ற பெண்ணிடம் போய்ச் சேர்ந்தேன். "கீழ பாடற நெஞ்சுக் குரல்லேர்ந்து மேல பாடற தலைக் குரலுக்கு மாத்தறது வெளிய தெரியக் கூடாது சார், கியர் மாதிரி" என்றாள். முப்பத்தொரு வருஷம் கீழ்பென்னாத்தூர் ரூட்டில், தூங்குகிற பயணி கண் விழிக்காமல் கியர் மாற்றிய டிரைவர் நான், என்னிடமா? பாடிக் காட்டினேன். "மேட்டுல ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீங்க சார். மேல போகப் போக கம்மி பண்ணுங்க" என்றாள். ஏற்றத்தில் கம்மி பண்ணினால் வண்டி பின்னால் உருளாதா, நீயே சொல். இதற்குப் பயிற்சியாகத் தினமும் காலையில் வாயைக் குவித்து 'ஊ' என்று கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்கச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை இழுத்தேன். பத்தாவது நிமிடம் எதிர்வீட்டு குர்ஷித் பேகம் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நிற்கிறார், பின்னால் அவர் வீட்டுக்காரர் அப்சல் நாலு பிளாஸ்டிக் நாற்காலியோடு, அவருக்குப் பின்னால் தெருமுனையில் பூ விற்கும் பச்சையம்மாள் மாலையோடு. சாவு வீட்டு அழுகை என்று நினைத்துவிட்டார்களாம். நான் கதவைத் திறந்ததும் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் பச்சையம்மாள் என் கையிலேயே கொடுத்துவிட்டாள். "நீங்கதான் போயிட்டீங்கன்னு நெனச்சோம்ண்ணே" என்றார் குர்ஷித். தனியாக இருக்கிற ஆள் செத்தால் அழுவது யார் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். யோசித்துக்கொண்டே, அதற்குள் சேர்ந்துவிட்ட ஒன்பது பேருக்கும் டீ போட்டேன். டம்ளர் போதவில்லை. உன் அம்மா போனதிலிருந்து ஒரே டம்ளர்தான் வெளியே இருக்கிறது, மீதியைப் பரணிலிருந்து இறக்கினேன். மாலையை அவள் படத்துக்குப் போட்டேன்.

ஒரே தொல்லை. ஆகவே பாட்டை விட்டுவிட்டேன், எனக்கு அது வராது. நீயும் லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம், இங்கே ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பாப்பாவின் உச்சந்தலையில் தாத்தாவின் முத்தம் ஒன்று. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: பாட்டை விட்டுவிட்டேன் என்று மேலே எழுதியது பொய். வெள்ளிக்கிழமையே கியர் விழுந்துவிட்டது. பாப்பா மடியில் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஏற்றத்தில் அழுத்தாமல் விட்டேன். குரல் தானாக ஏறிவிட்டது. ஆனாலும் தினமும் காலையில் 'ஊ' போடுகிறேன். குர்ஷித் ஜன்னலிலிருந்து "இருக்கீங்களாண்ணே" என்கிறார், "இருக்கேம்மா" என்கிறேன். தாலாட்டைப் போனில் அனுப்ப மாட்டேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து கேள்.