வாடகைக்கு வந்த கொலைகாரன்

இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கொலைகாரன் யாரென்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் சபதம் போட்டார்.

மனுஷர் ஒன்றும் போலீஸ் இல்லை. மாடிக்கும் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களைப் பத்திரமாகக் கீழே இறக்குவது அவர் தொழில். இப்போது அவரே நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் பார்த்துவந்த துப்பறியும் தொடரில் ஐந்து பேர் செத்தாயிற்று, கடைசிப் பாகம்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியைப் போட்டால், திரை ஓரத்தில் ஒரு வரி: ‘இத்தொடர் இன்று வரை மட்டுமே.’

போன் கடை வைத்திருக்கும் மச்சினனைக் கூப்பிட்டார்.

“மாப்ள, இந்த ஓடிடிக்காரனுக்கு மாசாமாசம் காசு கட்டுறேன்டா! என் தொடரை எப்படித் தூக்குவான்?”

“உங்க தொடரா? அது அவன் தொடரே இல்ல மாமா. எடுத்த கம்பெனிகிட்ட வாடகைக்கு வாங்கி ஓட்டுறான். ஒப்பந்தம் முடிஞ்சா காலி பண்ண வேண்டியதுதான்.”

“புதுப்பிச்சா கையா தேஞ்சிடும்?”

“நிறைய பேர் பாத்தா புதுப்பிப்பான். உங்களுக்காக மட்டும் பணத்தைக் கொட்டுவானா? சில சமயம் எடுத்த கம்பெனியே, எங்க சொந்த ஓடிடியிலயே ஓட்டிக்கிறோம்னு திருப்பி வாங்கிக்கும்.”

“அப்ப நான்?”

“அந்த ஓடிடிக்கும் காசு கட்டுங்க.”

போனை வைத்தார். எதிரே மனைவி. ஒரு கையில் பெயிண்ட் வாளி, ஒரு கையில் பிரஷ்.

“என்னங்க, டிவியைக் கழட்டுங்க. ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்னு எத்தனை ஞாயித்துக்கிழமையா சொல்றீங்க?”

“ஐயோ, இடுப்பு!” என்று சோபாவில் சாய்ந்தார் மெக்கானிக்.

அந்த அம்மாளுக்கு வேலை மருந்துக்கடையில். வலி மாத்திரை கொடுத்துக் கொடுத்தே கை பழகியவள். அவளிடமா வலி நடிப்பது?

“எங்க வலிக்குது?”

“இங்க. இல்ல, இங்க.”

“வலி நடந்து போகுதா? அப்ப பெரிய வலிதான். சோபா ஆகாது. உள் ரூம்ல கட்டாந்தரையில மல்லாக்கப் படுங்க.”

“இங்கயே படுத்து, டிவி பாத்துக்கிட்டே...”

“கழுத்தைத் தூக்கவே கூடாது!”

இடுப்புக்கு ஒரு பெல்ட்டை இறுக்கிக் கட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஹாலில் சத்தம். கதவு கிறீச்சிட்டது. துப்பாக்கி வெடித்தது. “அடப்பாவி, நீயா? இந்த மூஞ்சியா?” என்றாள் மனைவி. பிறகு டிவி அடங்கிவிட்டது.

மெக்கானிக் பெல்ட்டோடு ஓடி வந்தார். “யாருடி? யாரு?”

“இடுப்பு?”

“அது போயிடுச்சு.”

“எங்க கடையில இப்படி ஒரு மருந்து இல்லீங்க. பிரஷ்ஷைப் பிடிங்க.”

டிவியைக் கழற்றி, பழைய போர்வை போர்த்தி மூலையில் சாய்த்திருந்தாள்.

“யாருன்னாவது சொல்லேன்!”

“சொன்னா சுவாரசியம் போயிடும். சொவரை முடிங்க, மாட்டிப் பாருங்க.”

சாயங்காலத்துக்குள் முடித்தே தீருவது என்று இறங்கினார். இல்லை, ஏணியில் ஏறினார். அப்படி ஒரு வேகத்தைச் சுவர் கண்டதில்லை. சோற்றுக்கு இறங்கவில்லை. மூக்கில் பெயிண்ட், மீசையில் பெயிண்ட். காய்ந்தும் காயாததுமாக இரண்டாம் பூச்சு அடித்தார். உண்மையான இடுப்பு வலி வந்து கதவைத் தட்டியது. அப்புறம் வா என்று அதையும் திருப்பி அனுப்பினார்.

வெளிச்சம் மங்கும் முன்பே டிவி சுவரேறியது. ரிமோட்டை அமுக்கினார். திரை ஓரத்தில் அந்த வரியைக் காணோம்.

“போச்சு! தூக்கிட்டான்!”

“தூக்கல. ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சுட்டாங்களாம். நீங்க உள்ள படுத்திருந்தப்பவே திரையில வந்துச்சே.”

“அப்பவேவா? ஏன் சொல்லல?”

அவள் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

“வேலை சுத்தமா இருக்குங்க. உங்க ஒப்பந்தத்தையும் நீட்டிச்சாச்சு. அடுத்த ஞாயிறு சமையலறை.”