மாங்குளம் என்று பாடிய வெள்ளைக்காரன்

உலகத்திலேயே பாட்டைக் காலால் கேட்கிற ஒரே மனிதன் மாங்குளத்தில் இருக்கிறான். பெயர் டைனமோ. பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. வெளியே வந்து நான் கண்டதில்லை.

தொண்ணூறுகளில் வன்னியில் நாங்கள் எல்லோருமே காலால்தான் கேட்டோம். யுத்த காலம்; மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேப் ரெக்கோடரில் கொடுப்போம். ஒருவர் மிதிக்க மற்றவர்கள் கேட்கலாம். மிதிக்கிறவர் தண்ணீர் குடிக்க இறங்கினால் பாடகரும் இறங்கிவிடுவார். மின்சாரம் வந்ததும் ஊர் முழுக்கக் காலைக் கீழே வைத்துவிட்டது. டைனமோ வைக்கவில்லை. மாங்குளம் சந்திக்குப் பக்கத்தில் அவன் வைத்திருக்கும் சைக்கிள் திருத்தும் கடையில் காற்றடிக்கிற மெசின் கரண்டில் ஓடுகிறது, அவன் மனைவி அக்னெஸின் தேத்தண்ணிக் கேத்தில் கரண்டில் கொதிக்கிறது. ரேப் ரெக்கோடர் மட்டும் இன்றைக்கும் சைக்கிளில்தான்.

“கரண்டிலை போட்டால் பாட்டு செத்துப்போகுமடா,” என்பான்.

பாட்டு என்றதும் பெட்டி பெட்டியாகக் கற்பனை பண்ணவேண்டாம். ஒரே ஒரு கசெற். ஒரு இங்கிலிஸ் ரொக் குழுவின் அல்பம், பத்துப் பாட்டு. கனடாவிலிருந்து அவனுடைய சித்தப்பா அனுப்பிய பார்சலில் சட்டைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது. அது மகன் தவறுதலாக வைத்தது, திருப்பி அனுப்பிவிடு என்று பின்னாலேயே சித்தப்பாவின் கடிதமும் வந்தது. ‘இங்கே தபால் ஓடுவதில்லை’ என்று டைனமோ பதில் எழுதினான். பதிலைத் தபாலில்தான் அனுப்பினான்.

கசெற் அட்டையில் தாடியும் நீண்ட முடியுமாக நான்கு பேர். கலியாணமாகி முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த புதிதில் அக்னெஸ் அவர்களைப் புனிதர்கள் என்று நினைத்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒரு மாதம் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறார். ஒரு புனிதரின் கையில் கிற்றார் இருந்ததைக் கண்ட பிறகுதான் நிறுத்தினாராம். டைனமோ தொடர்ந்து கொளுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்திருக்கிறான்.

இந்தப் பைத்தியம் பிடித்த நாளன்று நான் கூடவே இருந்தேன். அப்போது எங்களுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மாங்குளத்தைவிட்டு இடம்பெயர்ந்து, யாரோ ஒருவருடைய காணியில் பக்கத்துப் பக்கத்துக் கொட்டில்களில் இருந்தோம். கசெற் அவனுடையது, சைக்கிள் அவனுடையது. ஆகவே மிதிக்கிற உத்தியோகம் எனக்கு. மூன்றாவது பாட்டின் நடுவில் திடீரென்று கையை உயர்த்தினான்.

“கேட்டனியே?”

“என்னத்தை?”

“மாங்குளம் எண்டு சொல்லுறான்!”

“உனக்கென்ன விசரே?”

பேனையால் கசெற்றைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி போட்டான். நான் மிதித்தேன். அடித்தொண்டையிலிருந்து, ஏக்கத்தோடு, அந்த வெள்ளைக்காரன் ‘மா...ங்...குளம்’ என்று இழுத்தான். சத்தியமாக அப்படித்தான் கேட்டது. செய்தி பரவி, காணியில் இருந்த எல்லாக் குடும்பங்களும் வந்து கேட்டன. மாங்குளத்தார் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். கிளிநொச்சியிலிருந்து வந்திருந்தவர்கள், தங்கள் ஊர் எந்தப் பாட்டில் வருகிறது என்று விசாரித்தார்கள். செட்டிகுளத்து மனிதர் ஒருவர் பத்துப் பாட்டையும் கேட்டு முடித்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போனார்.

“எங்கையோ இருக்கிறவனுக்கு எங்கடை ஊர் தெரியுது. எங்களை ஒருநாள் அங்கை கொண்டுபோய் விடாமல் இருப்பானே?” என்றான் டைனமோ. அவன் சொன்னதை அன்றைக்கு நானும் நம்பினேன்.

ஒருவழியாக ஊர் திரும்பினோம். நான் வேலை கிடைத்துக் கிளிநொச்சிக்குப் போய்விட்டேன். அவன் கடை போட்டான். கடைக்கு ஒரே ஒரு சட்டம்: பஞ்சர் ஒட்டி முடியும்வரை வந்தவர் சும்மா இருக்கக்கூடாது, ஏறி மிதிக்கவேண்டும். கழுத்துப்பட்டி கட்டிய வங்கி மனேஜர் மிதித்திருக்கிறார். கலியாணத் தரகர் மிதித்திருக்கிறார். கோயில் பாதர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்ததை நானே கண்டேன்.

“மெல்ல, பாதர், மெல்ல! அவன் இன்னும் மாங்குளத்துக்கு வந்து சேரேல்லை!” என்று டைனமோ கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அவன் மனதில் ஒரு வேகம் இருந்தது. அது வரும்வரை ஆளை இறங்கவிடமாட்டான். வந்த பிறகும் இறங்கவிடமாட்டான்.

போன மாசியில் ஒரு கராத்தே மாஸ்டர் பஞ்சர் ஒட்ட வந்தார். அவருடைய தொடையில்தான் வினை இருந்தது. அவர் மிதித்த மிதியில் பாடகன் அடைக்கோழிபோலக் கொக்கரித்து, மூன்றாவது பாட்டை எட்டியதும் ‘டக்’ என்றது. நாடா அறுந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அக்னெஸ் போன் எடுத்தார்.

“அண்ணை, ஒருக்கா வாங்கோ. கடை பூட்டு. மனுசன் சாப்பிடுறேல்லை. மாஸ்டர் வந்து மன்னிப்புக் கேட்டவர், அவரோடையும் கதைக்கேல்லை.”

நான் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். அந்த அல்பத்தை இணையத்தில் தேடிப் பிடித்து, போனில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். டைனமோ கதிரையில் குந்தியிருந்தான். அறுந்த கசெற் மடியில் கிடந்தது. நான் மூன்றாவது பாட்டைத் தட்டினேன். பாடகன் சுறுசுறுப்பாக, கீச்சுக் குரலில், ஏதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன்போலப் பாடி முடித்தான்.

“இது அவன் இல்லை,” என்றான் டைனமோ.

“அவன்தானடா. அதே ஆள், அதே பாட்டு.”

“அப்ப மாங்குளம் எங்கை? எடுத்துப்போட்டாங்கள்!”

மறுபடி போட்டேன். அந்த இடத்தில் ஏதோ ஒரு இங்கிலிஸ் சொல் கண்சிமிட்டும் நேரத்தில் கடந்துபோனது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த நாட்களில் எங்களுக்கு ஒருநேரக் கஞ்சி. இரண்டு பாட்டுக்கு மிதிப்பேன். மூன்றாவதில் கால் சோர்ந்துவிடும். சில்லு தளர, நாடாவும் தளரும், அந்த மனிதன் அடித்தொண்டையில் இழுப்பான். முப்பது வருடமாக டைனமோ ஊராரை மிதிக்கவைத்துத் தேடிக்கொண்டிருந்தது என் களைப்பைத்தான்.

சொல்லாமல் வந்திருக்கலாம். ஆனால் வீணாக ஒரு பாட்டுக்காரன்மீது அவன் கோபப்படுவதைப் பார்க்க முடியவில்லை.

“மச்சான், அவன் மாங்குளம் எண்டு பாடேல்லையடா. எனக்குக் கால் ஏலாமல் போச்சுது. அவ்வளவுதான்.”

அவன் என் கால்களையே நெடுநேரம் பார்த்தான். அடுப்பை விட்டுக் குசினி வாசலுக்கு வந்து நின்ற அக்னெஸ் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அவனிடம் இருந்த ஒரேயொரு சொத்தை நான் உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“அப்ப, இவ்வளவு நாளும் மாங்குளம் எண்டு சொன்னது நீயோ?”

“ஓம் போலை.”

எழுந்தான். கசெற்றின் ஐந்து ஆணிகளையும் கழற்றினான். அறுந்த நாடாவின் இரண்டு நுனிகளையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினான். கழற்றியதையெல்லாம் பூட்டி, சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தினான்.

“ஏறு.”

“டேய், எனக்கு வயசு போட்டுது. முழங்கால் நோகுது.”

“அது நல்லது. ஏறு.”

ஏறினேன். மூன்றாவது பாட்டு வர முன்னரே கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. நடிக்கத் தேவையே இருக்கவில்லை. அன்று மத்தியானம் அவன் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டதாக அக்னெஸ் பின்னேரம் போனில் சொன்னார்.

இப்போது சனிக்கிழமைகளில் கிளிநொச்சியிலிருந்து பஸ் ஏறி மாங்குளத்தில் இறங்குகிறேன். என் மனைவி, டாக்டர் சொன்ன பயிற்சிக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். டைனமோ, பாட்டுக் கேட்க வருகிறேன் என்று நினைக்கிறான். அந்த அல்பத்தில் ஒரு பாட்டுக்கூட எனக்குப் பிடிக்காது, அன்றைக்கும் பிடித்ததில்லை. மூன்றாவது பாட்டில் அவன் கையை உயர்த்தும்போது ஒரு முகம் வரும். அதைப் பார்க்கத்தான் மிதிக்கிறேன்.